பாய்லருக்கு இன்னும் எத்தனை நாள் ஆயுள்? நெய்வேலியில் கணினி சொல்வதும் சொல்லாததும்

2020-ஆம் ஆண்டு ஜூலை 1, காலை 10 மணி வாக்கில் நெய்வேலி இரண்டாவது அனல் மின் நிலையத்தின் 5-வது யூனிட்டில் பாய்லர் வெடித்தது. 6 பேர் அங்கேயே உயிரிழந்தனர். 17 பேர் தீக்காயங்களுடன் மீட்கப்பட்டனர். அவர்களிலும் பலர் அடுத்தடுத்த நாட்களில் சென்னை மருத்துவமனையில் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள்.

நெய்வேலி நகரியத்தை அதிகம் உலுக்கியது இன்னொரு விஷயம். அதற்குச் சரியாக 55 நாட்களுக்கு முன்பு, மே 7-ம் தேதி, அதே நிலையத்தின் 6-வது யூனிட்டிலும் பாய்லர் வெடித்திருந்தது. அதில் காயமடைந்த 8 பேரில் 5 பேர் பிழைக்கவில்லை. இரண்டு யூனிட்டுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, ஏறக்குறைய ஒரே காலத்தில் கட்டப்பட்டவை, இரண்டும் 210 மெகாவாட்.

உடனே எழுந்த கேள்வி, "இவ்வளவு பழைய பாய்லரை ஏன் இன்னும் ஓட்டுகிறார்கள்?" என்பதுதான். டீக்கடையில் இருந்து தொழிற்சங்க மேடை வரை அதையே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு பாய்லரோ, கன்வேயர் பெல்ட்டோ, காற்றாலை இறக்கையோ "பழசாகிவிட்டது" என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? இதற்கென்று மென்பொருள் இருக்கிறது, விதி இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் இப்படி ஏன் நடக்கிறது?

58 ஆண்டுகள் ஓடிய முதல் நிலையம்

நெய்வேலியில் "ஆயுள்" என்ற சொல்லுக்கு ஒரு வரலாறே உண்டு. சோவியத் யூனியனின் உதவியோடு கட்டப்பட்ட முதலாவது அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் 1962-ல் ஓடத் தொடங்கியது. 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று என மொத்தம் 600 மெகாவாட். தமிழ்நாட்டின் ஒரு தலைமுறைக்கு மின்விளக்கு எரிந்தது பெரும்பாலும் இதன் புண்ணியத்தில்தான்.

அனல் மின் நிலையத்துக்கு ஒழுங்குமுறை ஆணையக் கணக்கில் 25 ஆண்டுகள்தான் ஆயுள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் 1990-களிலேயே முதல் நிலையம் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. 1990-களில் ஆயுள் நீட்டிப்புத் திட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டு, தேய்ந்த பாகங்கள் மாற்றப்பட்டு, மேலும் 15 ஆண்டுகள் ஓட்டலாம் என முடிவானது. அதுவும் தாண்டி, கடைசி யூனிட் நிறுத்தப்பட்டது 2020 செப்டம்பர் இறுதியில். அதாவது, இரண்டாவது நிலையத்தில் விபத்து நடந்த அதே ஆண்டு.

58 ஆண்டுகள் ஓடிய நிலையம் அமைதியாக மூடப்பட்டது. முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த யூனிட்டுகளில் இரண்டு முறை பாய்லர் வெடித்தது. வயதை மட்டும் வைத்துப் பேசினால் இந்த முரண் புரியாது.

வயது என்பது ஆண்டுக் கணக்கு அல்ல

பாய்லர் குழாய்க்கு எத்தனை வயது என்று கேட்டால், பொறியாளர்கள் ஆண்டில் பதில் சொல்வதில்லை. மணிக் கணக்கில்தான் சொல்வார்கள்.

இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறை விதிகளில் 391ஏ என்று ஒரு விதி இருக்கிறது. 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேலை செய்யும் பாகங்கள் 1,00,000 மணி நேரம் ஓடிவிட்டால், அவற்றின் மீதமுள்ள ஆயுளைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறது அது. நிறுத்தாமல் ஓட்டினால் 1,00,000 மணி நேரம் என்பது சுமார் பதினொன்றரை ஆண்டு. 25 ஆண்டுகளைக் கடந்த பாய்லர்களுக்குத் தனிச் சோதனைகள் உண்டு. இதைச் செய்ய, மத்திய கொதிகலன் வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்குத்தான் அனுமதி.

அது ஏன் 400 டிகிரி? அந்த வெப்பத்துக்கு மேலே போனால் எஃகு மெதுவாக ஊர ஆரம்பித்துவிடும். இதைத்தான் கிரீப் என்கிறார்கள். வீட்டுப் பரணில் கனமான பெட்டியை வைத்து இருபது வருஷம் விட்டால் பலகை தொய்ந்துபோகுமே, அதுபோல. பலகை உடையவில்லை, பெட்டியின் எடையும் கூடவில்லை. ஆனாலும் வளைந்துவிட்டது. உயர் அழுத்த நீராவியைத் தாங்கும் குழாயும் அப்படித்தான். ஆண்டுக் கணக்கில் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வீங்கும். உலோகத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உருவாகும். அவை வரிசையாகச் சேர்ந்தால் விரிசல்.

10 டிகிரி கூடினால் என்ன ஆகும்?

இந்த ஊர்வைக் கணக்கிட 1952-ல் லார்சன், மில்லர் என்ற இருவர் ஒரு சூத்திரம் தந்தார்கள். வெப்பநிலை, நேரம் இரண்டையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் சூத்திரம் அது. இன்றைக்கும் ஆயுள் கணிப்பு மென்பொருட்களின் அடியில் ஓடுவது பெரும்பாலும் இதுவோ இதன் உறவுக்காரர்களோதான்.

அதை வைத்து ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 210 மெகாவாட் வகை நிலையங்களில் நீராவியின் வெப்பம் சுமார் 540 டிகிரி. அந்த வெப்பத்தில் ஒரு குழாய் 1,00,000 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சூத்திரத்தின் மாறிலியை வழக்கம்போல 20 என்று எடுத்தால், அதே குழாய் 550 டிகிரியில் தாங்குவது சுமார் 50,000 மணி நேரம். 560 டிகிரியில் சுமார் 25,000 மணி நேரம்தான்.

பத்து டிகிரிக்கு ஆயுள் பாதி. இருபது டிகிரிக்குக் கால்வாசி.

இங்கேதான் சிக்கல். ஒரு பாய்லருக்குள் நூற்றுக்கணக்கான குழாய்கள் அடுத்தடுத்து தொங்குகின்றன. எல்லாவற்றிலும் வெப்பமானி கிடையாது. ஒரு குழாயின் உள்ளே படிவு சேர்ந்திருக்கலாம், வெளியே சாம்பல் ஒட்டியிருக்கலாம், புகை ஒரு பக்கமாகக் கூடுதலாக அடித்திருக்கலாம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் 540 என்று காட்டும்போது, நடுவில் இருக்கும் ஒரு குழாய் 560-ல் வெந்துகொண்டிருக்கக்கூடும். மென்பொருளுக்கு 540 என்று கொடுத்தால் அது 540-க்கான ஆயுளைத்தான் சொல்லும். பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் கணினியோடு நிற்பதில்லை. குழாயை வெட்டி எடுத்து, உள்சுவரில் படிந்த ஆக்சைடு படலம் எவ்வளவு தடிமன் என்று அளப்பார்கள். அந்தத் தடிமனே அந்தக் குழாய் கடந்துவந்த வெப்பத்தின் நாட்குறிப்பு மாதிரி. இன்னொரு முறை 'ரெப்ளிகா'. உலோகப் பரப்பைப் பளபளவென்று தேய்த்து, அமிலம் தடவி, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி உரித்து எடுப்பார்கள். கைரேகை எடுப்பது போல. அந்தப் படலத்தை நுண்ணோக்கியில் வைத்தால் துளைகள் தனித்தனியாக இருக்கின்றனவா, வரிசையில் நிற்கின்றனவா, விரிசலாகிவிட்டனவா என்று தெரியும். தனித்தனித் துளை என்றால் கண்காணிக்கலாம். விரிசல் என்றால் உடனே பழுது பார்க்க வேண்டும்.

இந்தத் துறைக்கான ஆய்வு வசதி வெகுதூரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் உயர் வெப்பத்தில் உலோகங்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறது. திருச்சியில் பெல் நிறுவனம் பாய்லரே செய்கிறது. பெங்களூருவில் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் ஆயுள் மதிப்பீட்டுப் பணிகளைச் செய்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை.

சூரிய மின்சாரம் கொண்டுவந்த புதுத் தலைவலி

பழைய பாய்லர்கள் எல்லாம் ஒரே சீராக, இரவு பகல் பார்க்காமல் ஓடுவதற்காக வடிவமைக்கப்பட்டவை. இப்போது நிலைமை மாறிவிட்டது. பகலில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது, மாலை ஆறு மணிக்கு மேல் சட்டென்று வடிந்துவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப அனல் மின் நிலையங்கள் பகலில் சுருங்கி, மாலையில் விரிய வேண்டியிருக்கிறது. மத்திய மின்சார ஆணையம் 2023-ல் கொண்டுவந்த விதிகள், நிலக்கரி யூனிட்டுகள் முதலில் 55 சதவீதம் வரையும், பிறகு படிப்படியாக 40 சதவீதம் வரையும் உற்பத்தியைக் குறைத்து ஓடத் தயாராக வேண்டும் என்கின்றன.

ஒரு கம்பியை எடுத்து இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் பத்தாவது, இருபதாவது தடவையில் பட்டென்று உடையும். அதுதான் உலோக அயர்ச்சி. ஒவ்வொரு முறை பாய்லரை அணைத்து ஏற்றும்போதும், தடித்த உலோகப் பாகங்களின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சூடேறுகின்றன. ஒரு வளைவு கணக்கில் சேர்கிறது. ஊர்வும் அயர்ச்சியும் சேர்ந்தால் சேதம் வெறும் கூட்டல் கணக்காக இருப்பதில்லை, அதைவிட மோசமாகும்.

இதே 2023-ல் ஆணையம் இன்னொன்றும் சொன்னது. மின் தேவை கூடிக்கொண்டே போவதால் 2030 வரை அனல் மின் யூனிட்டுகள் எதையும் ஓய்வுக்கு அனுப்ப வேண்டாம், புதுப்பித்து ஓட்டுங்கள் என்று. ஆக, பழைய இயந்திரங்களை இன்னும் நீண்ட காலம், முன்பைவிடக் கடினமான முறையில் ஓட்டப் போகிறோம். மீதமுள்ள ஆயுள் என்ற அந்த ஒரு எண்ணின் மீது எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

சுரங்கத்துக்குள் ஓடும் கூட்டுப்பொருள்

இதுவரை பேசியது எஃகு. ஒரே பொருள், ஓரளவு கணிக்கக்கூடியது. கூட்டுப்பொருள் என்று வரும்போது கணக்கு இன்னும் குழம்பும். காம்போசிட் என்று சொல்லப்படும் இந்தக் கூட்டுப்பொருட்கள் விமானத்தில் மட்டும்தான் இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். நெய்வேலிச் சுரங்கமே அவற்றின் மீதுதான் ஓடுகிறது.

ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து, ஆறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். ஒரு வாளியே 1,400 லிட்டர் கொள்ளும் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் அந்த மண்ணைச் சுரண்டுகின்றன. சுரண்டிய மண்ணையும் கரியையும் கிலோமீட்டர் கணக்கில் சுமந்து செல்வது கன்வேயர் பெல்ட். வெளியே பார்த்தால் வெறும் ரப்பர். உள்ளே நீளவாக்கில் எஃகுக் கயிறுகள் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கும். ரப்பரும் எஃகும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் வரைதான் அது பெல்ட். பிடி விட்டால் போச்சு.

வீட்டுக் கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பார்த்தால் கூட்டுப்பொருள் சேதமடையும் விதம் புரியும். கட்டில் ஒரே நாளில் அறுந்து விழுவதில்லை. ஒரு இழை நைந்து போகும், அதன் பாரத்தைப் பக்கத்து இழைகள் ஏற்கும், கட்டில் கொஞ்சம் தொய்யும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பிறகு ஒருநாள் தாத்தா உட்காரும்போது மொத்தமாகப் போகும்.

பெல்ட்டிலும் இதே கதைதான். கூரான கல்லோ இரும்போ பட்டு மேல் ரப்பரில் ஒரு வெட்டு விழும். அதன் வழியே தண்ணீர் இறங்கும். நெய்வேலிச் சுரங்கத்தில் தண்ணீருக்குக் குறைவே இல்லை, நிலத்தடி ஊற்றைப் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியே எடுக்க முடியும். ஈரம் இறங்கினால் உள்ளே எஃகுக் கயிறு துருப்பிடிக்கும், ரப்பரின் பிடி தளரும். வெளியே தெரிவது ஒரு சின்னக் கீறல் மட்டும். பெல்ட்டின் இரண்டு முனைகளை ஒட்டிச் சேர்க்கும் இணைப்பு இருக்கிறதே, அது எப்போதுமே பலவீனமான இடம்.

காந்தப்புலத்தை வைத்து உள்ளே அறுந்த கயிறுகளைக் கண்டுபிடிக்கும் கருவிகள் உலகச் சுரங்கங்களில் பழக்கத்தில் உள்ளன. இணைப்பை எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. ஆனாலும், எஃகுக் கயிறு பெல்ட்டுகளுக்கு வடிவமைப்பாளர்கள் மரபாக வைத்துவந்த பாதுகாப்பு எண் 6.7. அதாவது ஒரு பெல்ட் சாதாரணமாக இழுக்கும் விசையைப்போல கிட்டத்தட்ட ஏழு மடங்கு தாங்கும் வலுவோடு செய்வார்கள். ஒரு பொருளைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ, அவ்வளவு பெரிதாக இந்த எண்ணை வைக்க வேண்டியிருக்கும்.

தென்காசியில் சுழலும் இறக்கைகள்

என்எல்சி நிறுவனத்துக்குக் காற்றாலைகளும் உண்டு. தென்காசி மாவட்டம் கழுநீர்குளத்தில் தலா 1.5 மெகாவாட் திறனில் 34 காற்றாலைகள், மொத்தம் 51 மெகாவாட். இறக்கைகள் கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்த கூட்டுப்பொருள்.

இறக்கை ஒருமுறை சுற்றும்போது, மேலே போகையில் ஒரு ஓரம் இழுபடும், கீழே வருகையில் அதே ஓரம் அமுங்கும். தன் எடையாலேயே ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வளைவு. நிமிடத்துக்கு 15 சுற்று என்றால் ஆண்டுக்குச் சுமார் 79 லட்சம் சுற்று. காற்று இல்லாத மாதங்களைக் கழித்தாலும் 20 ஆண்டில் 10 கோடியைத் தொடும். பாய்லர் தன் வாழ்நாளில் சில ஆயிரம் முறை அணைந்து எரியும். இறக்கை கோடிக்கணக்கில் வளைகிறது.

காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிய தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமில்லை. முப்பந்தலிலும் கயத்தாறிலும் 20 ஆண்டு முடித்த காற்றாலைகள் ஏராளம். அவற்றை மாற்றுவதா, புதுப்பிப்பதா, ஆயுளை நீட்டிப்பதா என்பதற்காகத் தமிழ்நாடு அரசு 2024-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஆயுளை நீட்டிக்க வேண்டும் என்றால், இறக்கை இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று யாராவது சொல்லியாக வேண்டுமே.

மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது?

ஆன்சிஸ், அபாகஸ் போன்ற மென்பொருட்கள் ஒரு பொருளைக் கணினிக்குள் லட்சக்கணக்கான சிறு கட்டங்களாக வெட்டிக்கொள்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் விசை எவ்வளவு என்று கணக்கிடுகின்றன. எஃகு என்றால் எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே குணம். கூட்டுப்பொருள் அப்படி இல்லை. இழை ஓடும் திசையில் வலு அதிகம், குறுக்கே குறைவு, அடுக்குகளுக்கு இடையே இன்னும் குறைவு.

முதலில் பிசினில் நுண்விரிசல் விழும். பிறகு அடுக்குகள் பிரியும். கடைசியில் இழைகள் அறும். மென்பொருள் ஒவ்வொரு கட்டத்தையும் சோதித்து, ஒரு அடுக்கு செத்துவிட்டது என்று தெரிந்தால் அதன் வலுவைக் குறைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் போடும். மறுபடியும், மறுபடியும். பொருள் முழுதாகத் தோற்கும் வரை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த விதியின்படி "செத்துவிட்டது" என்று முடிவு செய்வது? அதற்குத்தான் பல கோட்பாடுகள் இருக்கின்றன. 1990-களில் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஒப்பீட்டைத் தொடங்கினார்கள். உலகம் முழுவதிலும் இருந்து கோட்பாடுகளை உருவாக்கியவர்களையே கூப்பிட்டு, ஒரே விவரத்தைக் கொடுத்து, 14 சோதனைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லச் சொன்னார்கள். 2004-ல் முடிவு வந்தபோது 19 கோட்பாடுகள் களத்தில் இருந்தன. எளிய அடுக்குப் பலகைகளுக்கே கூட அவற்றின் பதில்கள் பல இடங்களில் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டன. எல்லாச் சோதனையிலும் ஜெயித்த கோட்பாடு என்று எதுவும் இல்லை. அதன்பிறகு கணினிகள் எவ்வளவோ வேகம் பெற்றுவிட்டன, கோட்பாடுகளும் மெருகேறியிருக்கின்றன. தப்பான அனுமானத்தை வேகமாகக் கணக்கிட்டாலும் விடை தப்பாகத்தான் வரும் என்பது மட்டும் மாறவில்லை.

விமானத் துறை இதற்கு ஒரு நடைமுறைத் தீர்வு கண்டது. போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி கூட்டுப்பொருள். நம்ம தேஜஸ் போர் விமானத்திலும் சுமார் 45 சதவீதம். அங்கே மென்பொருளை மட்டும் நம்பிச் சான்றிதழ் கொடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத சேதம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அந்தச் சேதத்தோடும் பாகம் முழுச் சுமையைத் தாங்குகிறதா, சேதம் பெரிதாகாமல் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தே நிரூபிக்க வேண்டும். சின்னத் துண்டில் தொடங்கி முழு இறக்கை வரை.

எச்சரிக்கை வந்தும் கேட்கவில்லை: டைட்டன்

2023 ஜூன் 18 அன்று டைட்டானிக் கப்பலைப் பார்க்கச் சென்ற டைட்டன் நீர்மூழ்கி 5 பேருடன் நொறுங்கியது நினைவிருக்கும். அதன் உடல் கார்பன் இழைக் கூட்டுப்பொருள். அதைச் செய்த ஓஷன்கேட் நிறுவனம், உடலில் பொருத்திய உணரிகள் இழை அறும் சத்தத்தைக் கேட்டு முன்கூட்டியே எச்சரிக்கும் என்று பெருமையாகச் சொல்லிவந்தது.

அமெரிக்கப் புலனாய்வில் தெரியவந்தது இதுதான்: 2022 ஜூலையில் நடந்த 80-வது பயணத்தின் முடிவில் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு உணரிகள் காட்டிய அளவுகளின் போக்கே மாறிவிட்டது. உடல் சேதமடைந்ததற்கான அடையாளம் தரவில் பதிவாகியிருந்தது. ஆனால் அதை முறையாக ஆராய்ந்து, கப்பலை நிறுத்தி வைக்கும் முடிவை யாரும் எடுக்கவில்லை. 88-வது பயணத்தில் எல்லாம் முடிந்துபோனது.

உணரி வேலை செய்தது. அதன் பேச்சைக் கேட்க வேண்டியவர்களுக்கு அதே நேரத்தில் பயணத்தை நடத்தி முடிக்க வேண்டிய அவசரமும் இருந்தது. மின் உற்பத்தி இலக்கு உள்ள எந்த நிலையத்திலும் இந்த இரண்டு வேலையும் ஒரே மேசையில்தான் வந்து உட்காரும்.

ஆயுள் கணக்கில் வராத வெடிப்பு

மறுபடி நெய்வேலிக்கு வருவோம். "பாய்லர் வெடித்தது" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு வேறு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, அழுத்தம் தாங்கும் குழாய் ஊர்வினாலோ தேய்மானத்தாலோ கிழிந்து நீராவி பீறிடுவது. மற்றொன்று, உலைப் பகுதியில் சேர்ந்த கரித்தூளோ, எரியாத வாயுவோ, சூடான சாம்பலோ திடீரென வெடிப்பது. முதல் வகையை ஆயுள் கணிப்பு மென்பொருள் ஓரளவு முன்கூட்டிச் சொல்லும். இரண்டாவது வகையைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. அது உலோகத்தின் வயதைப் பார்க்கும் கருவி, உலையின் அடியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் கருவி அல்ல.

2020 ஜூலை விபத்தின்போது 5-வது யூனிட் உற்பத்தியில் இல்லை என்று நிறுவனத் தரப்பில் அப்போது தெரிவிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இருந்தது தீக்காயம். விசாரணைக்கு என்டிபிசியின் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப இயக்குநர் பி.கே.மொஹபத்ரா தலைமையில் உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 5 கோடி ரூபாய் இடைக்கால இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. பக்கத்து யூனிட்டுகளும் பாதுகாப்பு ஆய்வுக்காக நிறுத்தப்பட்டன.

உத்தரப் பிரதேசத்தின் உஞ்சாஹார் விபத்து இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. 2017 நவம்பர் 1 அன்று அங்கே 500 மெகாவாட் யூனிட் ஒன்றில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த யூனிட் பழையது அல்ல. ஓடத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. உலையின் அடியில் சாம்பல் கட்டியாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டது. யூனிட்டை நிறுத்தாமலே அதை உடைத்து எடுக்க முயன்றபோது உள்ளே அழுத்தம் எகிறி, கொதிக்கும் சாம்பலும் புகையும் தொழிலாளர்கள் மேல் பாய்ந்தன. ஆயுள் கணிப்பு மென்பொருளிடம் அன்று காலை கேட்டிருந்தால், இந்த பாய்லருக்குக் கிட்டத்தட்ட முழு ஆயுளும் பாக்கி இருக்கிறது என்றுதான் சொல்லியிருக்கும். அது சரியான பதிலாகவும் இருந்திருக்கும்.

ஆகவே, "பழைய பாய்லர், அதனால் வெடித்தது" என்ற வாதத்தை அப்படியே ஏற்பது ஆபத்து. யூனிட்டை எப்போது நிறுத்த வேண்டும், நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் கழித்து ஆட்களை உள்ளே விடலாம், எத்தனை பேரை விடலாம் என்பதெல்லாம் இயக்க முடிவுகள். இரண்டு விபத்துகளிலும் சிக்கியவர்களில் நிரந்தரப் பணியாளர்களும் இருந்தார்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பாய்லருக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அந்த முடிவுகளில் பங்கு இருப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1923-ல் வெள்ளைக்காரர்கள் காலத்தில் வந்த இந்தியக் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதிய கொதிகலன் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பழைய சட்டத்தின் ஏழு குற்றங்களில் மூன்றுக்கு அபராதம் மட்டும் என்று தளர்த்தப்பட்டது. உயிரிழப்புக்கும் பொருட்சேதத்துக்கும் வழிவகுக்கக்கூடிய நான்கு குற்றங்களுக்குக் குற்றவியல் தண்டனை தொடர்கிறது.

ஆனால் சட்டத்தின் பார்வை பெரும்பாலும் அழுத்தம் தாங்கும் பாகங்களின் மீதுதான். அவற்றுக்குத் தான் சான்றிதழ், சோதனை, ஆயுள் மதிப்பீடு எல்லாம். மீதமுள்ள ஆயுள் அறிக்கைகள் வழக்கமாக நிறுவனத்துக்கும் கொதிகலன் இயக்ககத்துக்கும் இடையிலேயே நின்றுவிடுகின்றன. ஒரு பேருந்தின் தகுதிச் சான்று எந்தத் தேதி வரை என்று பயணி தெரிந்துகொள்ளலாம். தான் தினமும் வேலை செய்யும் பாய்லரின் எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, கடைசி ஆய்வில் என்ன எழுதினார்கள் என்பது அங்கே ஷிப்ட் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் கண்ணில் படும்படி எங்கும் ஒட்டப்படுவதில்லை.

டிஜிட்டல் ட்வின் என்ற சொல் இப்போது மின் துறைக் கருத்தரங்குகளில் அடிக்கடி அடிபடுகிறது. உண்மையான பாய்லரின் கணினி நகலை உருவாக்கி, உணரிகளின் தரவை நொடிக்கு நொடி ஊட்டி, ஆயுள் குறைவதை நேரடியாகத் திரையில் பார்ப்பது. புதிய நிலையங்களில் இது எளிது. நெய்வேலியில் முதல் நிலையத்துக்குப் பதிலாக வந்த 1,000 மெகாவாட் புதிய அனல் மின் நிலையம் போன்றவற்றில் உணரிகள் கட்டும்போதே வந்துவிடுகின்றன. முப்பது ஆண்டுக்கு முந்தைய பாய்லருக்கு அப்படி இல்லை. அது கடந்துவந்த வெப்பம் எவ்வளவு, எத்தனை தடவை அணைந்து எரிந்தது என்ற பழைய விவரங்களைத் தூசி படிந்த லாக் புத்தகங்களில் தேடித்தான் கணினிக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.